மேற்படிப்புக்குப் பொருள் தேடும் வழிகள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பள்ளிக்கு வரும் பெற்றோரை நான் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். மகனோ மகளோ நல்ல மதிப்பெண் பெற்றிருப்பதைக் கேட்டவுடன் முகம் மலர்வர். அடுத்த கணத்தில் அம்மலர்ச்சி சற்றே வாடும். மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை தலைமையாசிரியர் அறை வாயிலில் ஒதுங்கி நிற்பர். பிறகு மெல்ல உள்ளே வந்து, "ஐயா, புள்ள நல்லா எழுதிடுச்சு. இனிமே பணத்துக்கு என்னங்க செய்யிறது?" என்று கேட்பர். அந்தக் கேள்விக்கு நான் பலமுறை சரியாக விடை கூறியிருக்கிறேன். ஒருமுறை விடை கூறவேண்டிய நேரத்தில் கூறாமல் இருந்துவிட்டேன். அதனையும் இன்று மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

மேற்படிப்புக்கு வேண்டிய பொருள் நால்வகையாக வரக்கூடும். கல்லூரி நம்மிடம் வாங்காமலே விட்டுவிடும் கட்டணம் ஒன்று. நமக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேளாத உதவித்தொகை மற்றொன்று. திருப்பித் தரவேண்டிய கடன் மூன்றாவது. நாமே உழைத்து ஈட்டுவது நான்காவது. இவற்றை இதே வரிசையில் தேடவேண்டும் என்பது என் கருத்து. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. முதலில் கடன் வாங்கிவிடுகிறோம். கட்டணச் சலுகை ஒன்று இருந்தது என்பதை மூன்றாம் ஆண்டில் யாரோ சொல்லக் கேள்விப்படுகிறோம்.

பிறர் பொருளைக் கொண்டு கற்பது இழிவு என்று எண்ணிக் கூச்சப்படும் மாணவர் சிலர் உண்டு. அவர்களுக்காக மூவரை நினைவூட்டுகிறேன். அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையைக் கொண்டுதான். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்தபின் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனை. கணிதமேதை இராமானுசன் 1904-ஆம் ஆண்டு குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் அத்தொகையை இழந்தார். பின்னர் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அப்துல் கலாம் சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் சேர்வதற்கு வேண்டிய தொகைக்காக அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இச்செய்தியைக் கலாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

இம்மூன்றிலும் பணம் வந்த வழி வெவ்வேறு. ஒன்று கைம்மாறான பணியை எதிர்பார்த்தது. ஒன்று தேர்ச்சி குறைந்ததும் நின்றுபோனது. ஒன்று வீட்டிலுள்ள பெண்ணின் கழுத்திலிருந்து வந்தது. உங்களுக்கு வரும் பணமும் இவற்றுள் ஏதேனும் ஒரு தன்மையுடையதாகவே இருக்கும். ஆகவே 'எவ்வளவு கிடைக்கும்' என்று கேட்பதோடு நிற்காமல், 'எந்த நிபந்தனையின்மேல் கிடைக்கும்' என்றும் கேளுங்கள்.

சொல்லைப்பற்றி ஒன்று. நாம் இன்று உதவித்தொகை என்பதை முன்னோர் உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். ஓய்வூதியத்துக்கும் அதே பெயர்தான். அக்கணக்கின்படி, மாணவர்களுக்கு உபகாரச் சம்பளத்தைப்பற்றிச் சொல்ல வந்திருக்கும் நானும் உபகாரச் சம்பளக்காரனே!

இனி, நான் விடை சொல்லத் தவறிய கதைக்கு வருகிறேன். 2012-ஆம் ஆண்டு. தறி நெய்யும் ஒருவருடைய மகன் எங்கள் பள்ளியில் 1200-க்கு ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண் பெற்றான். அவ்வீட்டில் பட்டம் பெற்றவர் அதற்குமுன் எவரும் இல்லர். தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான சலுகையைக் கொண்டுவந்திருந்தது. அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் மாணவர், தம் குடும்பத்தின் முதற் பட்டதாரி ஆவாராயின், அவருடைய கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும். சாதி வரம்பு இல்லை. வருமான வரம்பும் இல்லை. அந்தச் சுற்றறிக்கை என் மேசைக்கு வந்தது. நான் அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தேன். என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். விடுமுறைக் காலத்தில் பள்ளி அறிவிப்புப் பலகையை யார் வந்து படிக்கப்போகிறார்கள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கலந்தாய்வு தொடங்குமுன்பே ஒரு தரகர் அந்த வீட்டுக்குச் சென்றார். இடங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன, இப்போதே பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்றார். தகப்பனார் அஞ்சிப்போய் 1,20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் மகனைச் சேர்த்துவிட்டார். கலந்தாய்வுக்குச் சென்றிருந்தால் அவனுடைய மதிப்பெண்ணுக்கு அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு கிடைத்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்கு முதற் பட்டதாரிச் சலுகை கிடையாது.

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு 36 விழுக்காடு. 1,20,000 ரூபாய்க்கு மாதம் 3,600 ரூபாய். நான்கு ஆண்டுகளில் வட்டி மட்டும் 1,72,800 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அம்மாணவனின் தங்கைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க அத்தகப்பனார் வந்தார். அண்ணனைவிட அவள் நன்றாகப் படிப்பவள். எந்தக் கல்லூரியில் சேர்க்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். "அவனுக்கே வட்டி கட்ட முடியலைங்கய்யா, இவ மில்லுக்குப் போறா" என்றார். பிறகு அவர் வாயிலிருந்து முழுக்கதையையும் கேட்டேன். என் கையெழுத்திட்டு ஒட்டிய அந்தத் தாளின் நினைவு எனக்கு வந்தது. அவரிடம் அதனைச் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

அந்த ஆண்டு முதல் ஏப்ரல் மாதத்திலேயே பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, சுற்றறிக்கையை வாசித்துக் காட்டி, ஐயம் கேட்கச் செய்தேன். இன்று உங்களுக்குச் சொல்லும் முதற்செய்தியும் அதுவே: எந்தக் கதவு வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறோம் என்பதுதான் பிற்பாடு எந்த உதவி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு முதற் பட்டதாரிச் சலுகை இல்லை என்பதைச் சொன்னேன். ஆதிதிராவிட மாணவர்களுக்கான மைய அரசின் உதவித்தொகையும் 2018-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு அவ்விடங்களுக்குப் பொருந்துவதில்லை. கல்விக் கடனிலும் வங்கிகள் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவரை ஒருவகையாகவும், மற்றவரை வேறுவகையாகவும் நடத்துவதுண்டு. ஆதலால் கலந்தாய்வு முடியும்வரை எவர் அச்சுறுத்தினாலும் பொறுத்திருங்கள். அவசரப்பட்டு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு விலக நேர்ந்தாலும் கலங்கவேண்டாம். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்தல் கூடாது என்றும், குறித்த நாட்களுக்குள் விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது.

முதற் பட்டதாரிச் சான்றிதழைப்பற்றி ஒரு குறிப்பு. குடும்பத்தில் பெற்றோர், பாட்டனார் பாட்டியார், உடன்பிறந்தோர் ஆகிய எவரும் பட்டம் பெற்றிருத்தல் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை. அண்ணன் பெற்றுவிட்டால் தம்பிக்கு இல்லை. எனவே இருவர் படிக்கும் வீட்டில், யாருடைய படிப்புக்குக் கட்டணம் மிகுதியோ அவருக்கு இதனைப் பயன்படுத்துவது எப்படி என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நலம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு இன்று இருக்கும் வாய்ப்பு எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் அவர்களுக்கென 2020-இல் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்கல்விகளுக்கும் அது விரிந்தது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை மாநில அரசு ஏற்கிறது. கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் உதவி உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கு அவ்வாறே தரும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆயிரம் ரூபாய் சிறுதொகை என்று நகரத்தார் எண்ணக்கூடும். நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குச் செல்லும் ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை மிகப் பழையது. ஆதிதிராவிடருக்கு அது 1944-ஆம் ஆண்டிலேயே, நாடு விடுதலை பெறுமுன்னரே, தொடங்கிவிட்டது. இன்று பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்ச ரூபாய்க்கு மேற்படாதவர்க்கு இது உரியது. கல்லூரிக்குக் கட்டவேண்டிய கட்டணமும், மாணவர் தம் செலவுக்கான படித்தொகையும் இதில் அடங்கும். ஈராண்டு மூவாண்டாக ஒரு புதிய குழப்பம் காண்கிறேன். முன்பு கல்லூரிக்கே சென்றுகொண்டிருந்த பணத்தில் மைய அரசின் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. கணக்கில் திடீரென ஒரு தொகை விழுந்ததைக் கண்டு புதிய கைப்பேசி வாங்கிவிட்டு, பின்பு கட்டணம் கட்ட வழியின்றித் தேர்வு நேரத்தில் தவித்த பிள்ளைகளை நான் அறிவேன். வந்த தொகையில் எது கட்டணம், எது உங்கள் செலவுக்கு என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே கை வையுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்கும் தனித்தனித் துறைகள் வாயிலாக உதவித்தொகைகள் உள்ளன. இத்துறைகள் நடத்தும் இலவச விடுதிகளை மறவாதீர்கள். வெளியூரில் படிப்போருக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட உணவும் உறைவிடமுமே பெருஞ்செலவு.

மதிப்பெண்ணை நோக்கி வழங்கப்படுபவை வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தில் முதல் இருபது விழுக்காட்டுக்குள் வந்தவர்க்கு, குடும்ப வருமானம் நாலரை இலட்சத்துக்குள் இருப்பின், மைய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய். நாடு முழுவதற்குமாக ஆண்டொன்றுக்கு 82,000 பேருக்குப் புதிதாக வழங்குகின்றனர். ஆனால் ஆண்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்ணும், நூற்றுக்கு எழுபத்தைந்து வருகையும் இல்லையேல் மறு ஆண்டு வராது. இராமானுசனுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். அடிப்படை அறிவியல் பாடங்களை எடுத்துப் படிக்கும் முதல்தர மாணவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆண்டுக்கு 80,000 ரூபாய் தருகிறது. தொழில்நுட்பம் பயிலும் மாணவியருக்குப் பிரகதி என்னும் உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். இவற்றுட் பலவற்றுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

தமிழ் இலக்கியமோ வரலாறோ படிப்பவர்கள், 'எங்களுக்கு ஒன்றும் இல்லையா?' என்று கேட்பர். முதுகலை முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 தொடக்கத்திலிருந்து இதுவே அளவு. இயற்பியலுக்கும் தமிழுக்கும் இதில் வேற்றுமை இல்லை. என் மாணவருள் நெல் அறுவடைக்குப் போய்க்கொண்டே முதுகலை படித்த ஒருவர், வீட்டில் எவரும் அதுவரை கண்டிராத மாத வருவாயை ஆராய்ச்சி மாணவராக இருந்தே பெற்றார்.

கடனுக்கு வருவோம். கடனை நான் கடைசியில் வைத்தது அது தீயது என்பதனால் அன்று. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் நிறுவிய அறநிதி, வெளிநாட்டில் பயில்வோர்க்குத் தொடக்கம் முதலே கடனாகத்தான் பொருள் வழங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அந்நிதியின் உதவியோடு இலண்டனில் பயின்றவர். கந்துவட்டிக் கடனும் வங்கியின் கல்விக் கடனும் ஒன்றல்ல என்பதை மட்டும் முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-இல் உருவானது. அதன்படி 4 இலட்சம் ரூபாய் வரையில் சொத்து ஈடு கேட்டல் கூடாது. மாணவரோடு பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிட்டால் போதும். படிக்கும் காலத்திலும், அது முடிந்து ஓராண்டு வரையிலும் தவணை கட்டவேண்டுவதில்லை. அதன்பின் பதினைந்து ஆண்டு வரையில் சிறுகச் சிறுகக் கட்டலாம். ஆனால் தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். வட்டி உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு கணக்குப் போடுவோம். நான்காண்டுப் படிப்புக்கு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஓர் இலட்சம் வீதம் 4 இலட்சம் வாங்குகிறீர்கள். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் இலட்சத்துக்குத் தனிவட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும்போது நீங்கள் தரவேண்டியது 5,40,000 ரூபாய். இதனைப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டில் அடைத்தால் 5,800 ரூபாய். சிறிய தவணை இனிமையாகத் தோன்றும். ஆனால் மொத்தமாகக் கட்டுவதோ முன்னதில் எட்டரை இலட்சத்தைச் சற்றே கடக்கும். பின்னதில் பத்தரை இலட்சத்தை எட்டும். படிக்கும்போதே வட்டியைமட்டும் மாதந்தோறும் கட்டிவந்தால், முதலாண்டில் மாதம் 833 ரூபாய்தான். அப்படிக் கட்டிய குடும்பத்துக்குப் பத்தாண்டுத் தவணை 5,290 ரூபாய் அளவில் நிற்கும். வட்டியை ஒழுங்காகக் கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு வரை சலுகை தரும் வங்கிகளும் உள்ளன. அந்தத் தறிநெய்பவர் மாதம் 3,600 ரூபாய் கட்டியதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வட்டியும்கூட எல்லோர்க்கும் இல்லை. குடும்ப வருமானம் நாலரை இலட்சத்துக்கு மேற்படாத தொழிற்கல்வி மாணவர்க்கு, தரச்சான்று பெற்ற கல்வி நிறுவனமாயின், படிப்புக் காலமும் ஓராண்டும் சேர்ந்த காலத்து வட்டியை மைய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் உள்ளது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தெரிந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் சேர்வோர் ஈடும் பிணையும் இன்றிக் கடன் பெறலாம். எட்டு இலட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தினர்க்கு, 10 இலட்சம் ரூபாய்க் கடன் வரையில், வட்டியில் மூன்று விழுக்காட்டு மானியமும் அதில் உண்டு. இம்மானியங்களுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அதனைக் கொடாமல் கடன்மட்டும் வாங்கிவந்தவர்கள், கட்டவேண்டாத வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வங்கி மேலாளர் 'உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை' என்று சொன்னால், அது மறுப்பதற்குரிய காரணம் அன்று. ரிசர்வ் வங்கி 2012-இலேயே அதனைத் தெளிவாக்கியுள்ளது. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டால், பிற்காலத்தில் வீடு கட்டவோ வண்டி வாங்கவோ எந்த வங்கியிடம் சென்றாலும் அந்தக் குறை அவர்களுடைய ஏட்டில் தெரியும். உடன் கையெழுத்திட்ட தந்தையாருக்கும் அதே கதிதான்.

உழைத்துக்கொண்டே கற்பதைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் அருமை அதனைச் செய்தவர்க்கே தெரியும். 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலையில் இருப்போர்க்கென்றே அமைந்தவை. மில்லுக்குச் சென்ற அப்பெண்ணுக்கு இச்செய்தியை நானே நேரிற் சென்று சொன்னேன். இரண்டு முறை சென்றேன். மூன்றாம் முறை செல்வதற்குள் அவளுக்குத் திருமணம் ஆகி வெளியூர் போய்விட்டாள்.

இனிச் செய்யவேண்டியவை. தேர்வு முடிந்ததும், முடிவுக்குக் காத்திராமல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதற் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு நாட்களாகும். ஜூன் மாதத்தில் எல்லோரும் ஒருங்கே மொய்த்தால் இன்னும் ஆகும். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, அதனை ஆதாரோடு இணைத்துள்ளார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். ஓரெழுத்து மாறியதால் ஓராண்டுத் தொகை வராமற்போன பிள்ளைகள் உண்டு. உதவித்தொகை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்பவரையும், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்பவரையும் நம்பாதீர்கள். பெரும்பாலான உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கடைசி நாள் உண்டு. விண்ணப்பித்ததும் வரும் எண்ணைக் குறித்து, படிவத்தின் நகல் ஒன்றை வீட்டிலும், மற்றொன்றை உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.